மேனேஜர் என்றால் கையெழுத்துப் போடுகிறவனா?

புனே, ஞாயிறு இரவு, மெயிலில்

அன்புள்ள சரவணா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. தங்கச்சி மகனுக்குப் பெயர் வைத்தாயிற்றா? நான் கடிதம் போடவில்லை என்று நீ வேண்டுமானால் திட்டு, குமாரிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவன் வாய் உனக்குத் தெரியும்.

"மேனேஜர் ஆகிவிட்டாய், இனி கால்மேல் கால் போட்டுக் கையெழுத்துப் போடுகிற வேலைதானே" என்று எழுதியிருந்தாய். அடேய், கேள்!

கன்சல்டிங்கில், அதாவது பிற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற எங்கள் தொழிலில், மேனேஜருக்கு மேலே கம்பெனியின் பங்காளியான பார்ட்னர். அவருக்கு ஒரே சமயத்தில் பல கிளையன்ட், இங்கே அவ்வப்போதுதான் தலைகாட்டுவார். கீழே இப்போதுதான் படித்து முடித்த மூன்று பிள்ளைகள். கிளையன்ட் கண்ணில் தினமும் படுகிறவன் நான்தான். லாபம் ஏன் குறைகிறது என்பார்கள். விலையா, விற்பனை அளவா, செலவா. செலவென்றால் இரும்பா, மின்சாரமா, கூலியா என்று, எதுவும் இரண்டு இடத்தில் வராமலும் எதுவும் விட்டுப்போகாமலும் பிரிக்க வேண்டும். 1960களில் மெக்கின்சி என்ற கன்சல்டிங் கம்பெனியில் பார்பரா மின்டோ வகுத்த முறை இது. இன்றும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி.

அடுத்து, ஒரு எண்கூடக் கைக்கு வராதபோதே கடைசி அறிக்கையைத் தாளில் வரைந்துவிடுவேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பாக ஒரு முழு வாக்கியம், அடியில் காலி வரைபடம். தலைப்புகளை மட்டும் படித்தாலே கதை ஓட வேண்டும். கதைக்குத் தேவையில்லாத பக்கத்துக்காக யாரும் எக்செல்லைத் திறக்கக் கூடாது. கணக்கு வந்து கதை பொய் என்று காட்டினால் தாளைக் கிழித்துவிட்டு வேறு கதை. எந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்று சொல்வதுதான் மேனேஜர் வேலையில் பாதி. அதைச் சொல்லாதவனிடம் மாட்டிய பிள்ளைகள் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது என்னை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைய கிளையன்ட் கார் பாகம் செய்கிற ஆலை. பிரஸ்ஸில் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சு, மாற்ற நேரமாகிறது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. இரவு ஷிஃப்டில் போய் நின்றோம். டையைக் கழற்றி, அடுத்ததைப் பக்கத்திலேயே தயாராக வைத்துவிட்டு, ஆப்பரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதைத் தூக்கி வைக்க வேண்டிய கிரேன் அடுத்த ஷெட்டில். "மேலே எழுதிக் கொடுத்தோம், யாரும் பார்க்கவில்லை" என்றார். காத்திருந்த நேரமெல்லாம் ஆலைக் கணக்கில் ஆள் செலவாக ஏறியிருக்கிறது! இப்போது நிர்வாகத்தார் அதே கணக்கை வைத்து, ஆள்குறைப்புக்கும் ஒரு பக்கம் போடுங்கள் என்கிறார்கள். எங்கள் ஒப்பந்தத்திலேயே அது கிடையாது. பார்ட்னரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் யோசிக்கிறார்.

அடுத்த வாரம் கிளையன்ட்டின் கமிட்டி முன்னால் அறிக்கை. அதற்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். அறைக்குள் முதல்முறையாகக் கேட்கிற எதையும் எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். நாளை பிளான்ட் ஹெட். கிரேன் பற்றிய பக்கத்தைத்தான் அவரிடம் முதலில் காட்டுவேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். ஓசூரில் உங்கள் பிரஸ் ஷாப்பில் யாரையும் வேலையைவிட்டு அனுப்பாமல் டை மாற்றும் நேரத்தைக் குறைத்தீர்களே, மிஞ்சிய ஆட்களை எங்கே போட்டீர்கள்? யூனியன் என்ன கேட்டது? கடிதமெல்லாம் வேண்டாம், காலையில் போன் போடு. பத்து மணிக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
ரவி