அலமாரிக்குள் கரையும் உடம்பு

அன்புள்ள யாழினி,

பெர்லினில் குளிர்பான அலமாரி முன்னால் தோழியை நிறுத்தி, அவள் மேல் அந்த அலமாரியையே தீட்டிப் படமெடுக்கப் போகிறாயாமே. சீனக் கலைஞர் லியு போலினின் பாணிதான். 2005 நவம்பரில் பெய்ஜிங்கின் சுவோ ஜியா கலைஞர் கிராமத்தை இடித்த பிறகு அந்த இடிபாட்டின் முன் உடம்பில் வண்ணம் பூசி நின்றவர். சூப்பர் மார்க்கெட் அலமாரிப் பக்கம் அவர் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் படங்களில் ஆள் முழுக்க மறைவதில்லை. தோள்கோடோ காலணி விளிம்போ தட்டுப்படும். அதையும் துடைத்துவிட்டால் கடை விளம்பரம்தான் மிஞ்சும்.

கடைச் சந்து குறுகல். 35 மி.மீ. லென்ஸ் போட்டுக் கேமராவைச் செங்குத்தாக ட்ரைபாடில் பூட்டு. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடக்கூடாது. கோடுகள் சேருவது அந்த ஒரு புள்ளியிலிருந்து மட்டும்தான். கேமராவுக்கும் அலமாரிக்கும் 2 மீட்டர் இடைவெளி இருந்து, தோழியின் மார்பு அதற்கு 30 செ.மீ. முன்னால் இருந்தால், 10 செ.மீ. லேபிளை 8.5 செ.மீ. அளவில்தான் தீட்ட வேண்டும். பாட்டிலைப் பார்த்து அதே அளவில் வரைந்தால் வரிசை பிசகும். தூரிகை பிடிப்பவள் பார்க்க வேண்டியது கேமராவோடு இணைத்த லேப்டாப் திரையை, அலமாரியை அல்ல. நிறத்துக்கும் அதே விதி: கண்ணுக்கு ஒத்துப்போகிற சிவப்பு, கடை விளக்கில் கேமராவுக்கு வேறாகத் தெரியலாம்.

லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/25 விநாடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 முதல் 800. அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் வேகத்தை ரொம்பக் கூட்டினால் விளக்கின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழலாம். விளக்கின் நிறத்துக்கேற்பச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம்.

சொதப்புவது பெரும்பாலும் தோளில்தான். மேலிருந்து வெளிச்சம் விழுவதால் தோளும் மூக்கும் பளிச்சென்று தெரியும், தாடைக்குக் கீழே இருளும். ஆகவே தோளில் ஒரு படி கருமையாக, தாடையடியில் ஒரு படி வெளிறலாகப் பூசு.

துணிக்கு அக்ரிலிக் போதும். தோலுக்கு அது ஆகவே ஆகாது. தண்ணீரில் கரையும் முகவண்ணம் வாங்கு, முந்தின நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பார். பாதம் வைக்கும் இடத்தை டேப்பால் குறி. முழங்காலை விறைப்பாக வைத்து மணிக்கணக்கில் நின்றால் மயக்கம் வரும். அரை மணிக்கொருதரம் உட்கார வை.

தீட்டி முடிப்பதற்குள் யாராவது நாலு பாட்டிலை எடுத்துப் போய்விடுவார்கள். முதலிலேயே அலமாரியைப் படமெடுத்துவைத்து, அதே சரக்கைக் கைவசம் வாங்கி வைத்துக்கொள்.

தோழிக்குச் சம்பளம் பேசிவிட்டாயா? ஓசியில் நிற்க வைக்காதே, கண்ணு.

அம்மா