நாடக ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் இளைஞர்கள் அதிகம் என்பதில் மகிழ்ச்சி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் இந்த ஆண்டின் முக்கியமான வேலைக்கு வந்துவிடுகிறேன்: விக்டோரியா பப்ளிக் ஹாலின் நாடக வரலாற்றைத் தொகுக்கும் பணி.

சென்ட்ரலுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் பக்கத்தில் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்க்காதவர் நம்மில் இல்லை. 1883இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவையொட்டி அவர் பெயர் வைக்கப்பட்டது.

கட்டடக்கலை பற்றிய கூட்டத்தில் கோபுரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கோபுரம் இத்தாலிய பாணி. அதன் உச்சியில் இருப்பதோ திருவிதாங்கூர் பாணியில் செதுக்கு வேலை செய்த கூம்புக் கூரை. திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் சிஷோம்தான். அந்த ஊர்க் கூரைமேல் அவருக்கு இருந்த பிரியம் இங்கேயும் தொடர்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். சுவரின் மேல்விளிம்பில் ஓடும் சுடுமண் வேலைப்பாட்டையும் நின்று பார்க்க வேண்டும். இஸ்லாமிய எழுத்தணிக் கலையின் சாயல் அதில் தெரியும்.

சரி, நாடகத்துக்கு வருவோம். உள்ளே கீழும் மேலும் இரண்டு அரங்குகள், ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். கிழக்குப் பக்கம் மரத்தால் ஆன கேலரி வேறு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபா தன் நாடகங்களை இங்கே மேடையேற்றியது. விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, பாட்டைக் குறைத்து வசனத்துக்கு இடம் கொடுத்தவர் பம்மல். வக்கீல்களும் படித்தவர்களும் கூச்சமில்லாமல் அரிதாரம் பூசிக்கொண்டது இந்தச் சபாவில்தான். தமிழ் நாடகத்துக்கு மரியாதை தேடித்தந்த மேடைகளில் இதற்குத்தான் முதலிடம் என்பது என் உறுதியான கருத்து.

அதனால்தான் அந்த அரங்கில் மாதம் ஒரு நாளாவது தமிழ் நாடகம் நடக்க இடம் கேட்டு, மாநகராட்சிக்கு விண்ணப்பம் ஒன்றைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. அதன் நகல் உங்கள் கையில் இருக்கிறது. படித்துப் பார்த்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்