கிரியேட்டினின் நார்மல்னு வந்துட்டா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர் ஹெல்த் பக்கத்துல, கிட்னிய கழுவி சுத்தம் பண்ற ஜூஸ்னு ஒரு குறிப்பு வந்திருந்துச்சு. கிட்னிங்கிறது அழுக்கு படிஞ்ச வாட்டர் ஃபில்டர் மாதிரி, அப்பப்ப கழுவி விட்டா சரியாப் போயிடும்னு அதுல எழுதியிருந்தாங்க. நான் ஒரு டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீஷியனா இருக்கேன். இத படிச்சிட்டு எங்க பேஷண்ட் யாராவது இளநீரும் கீரை ஜூஸுமா ஆரம்பிச்சிடக் கூடாதேன்னு பதறிப் போய்த்தான் இத எழுதுறேன், ஏன்னா கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இளநீர்ல இருக்கிற பொட்டாசியம்ங்கிற உப்பு சரியா வெளிய போகாது, ரத்தத்துல ஏறிக்கிட்டே போய் கடைசில இதயத் துடிப்பையே நிறுத்திடலாம்.

கிட்னி அப்படி அழுக்க பிடிச்சு வச்சுக்கிற சாமான் இல்ல சார். ஒவ்வொரு கிட்னிலயும் வடிகட்டுற வேலைய பார்க்கிற நெஃப்ரான்ங்கிற குட்டிக் குட்டி அமைப்பு சுமாரா 10 லட்சம் இருக்கு, ஒவ்வொரு நெஃப்ரான் தலைப்புலயும் குளோமெருலஸ்னு ரொம்ப மெல்லிசான ரத்தக்குழாய்ங்க சுருண்டு கிடக்கு. இதயம் அனுப்புற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல, இந்த ரெண்டு கிட்னிக்குத்தான் போகுது. சுருளுக்குள்ள வர்ற குழாய் கொஞ்சம் அகலம், வெளிய போறது குறுகல், அதனால உள்ள பிரஷர் நிக்குது, அந்த பிரஷர்தான் தண்ணி, உப்பு, யூரியா, சர்க்கரைன்னு சின்னதா இருக்கிற எல்லாத்தயும் வெளிய தள்ளுது. ரத்த அணுவும் அல்புமின்ங்கிற புரதமும் உள்ளயே நின்னுடும். அங்க இருக்கிற மூணு அடுக்கு வடிகட்டில ஓட்டை சின்னதுங்கிறது ஒரு காரணம், அதுல இருக்கிற நெகட்டிவ் மின்னூட்டம் அதே மின்னூட்டம் உள்ள அல்புமின கிட்ட வரவிடாம தள்ளிவிடும்ங்கிறது இன்னொரு காரணம்.

இப்படி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடியுது. நம்ம ஒடம்புல இருக்கிற பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்துல அணுக்கள் போக மீதி இருக்கிற நீர்ப்பகுதியே, 3 லிட்டர்தான், அப்ப அதே பிளாஸ்மா 60 தடவை வடிகட்டப்படுதுன்னு அர்த்தம். அதுல ஒன்னு ரெண்டு லிட்டர்தான் யூரினா வெளிய வருது, மீதி மொத்தத்தயும் நெஃப்ரானோட நீளக் குழாய் திரும்ப ரத்தத்துக்கே இழுத்து அனுப்பிடுது. சர்க்கரைய ஒரு துளி விடாம எடுத்துக்கும், சோடியத்த எவ்வளவு வேணுமோ அவ்வளவு எடுத்துக்கும், வெயில்ல வேர்த்து வந்தா தண்ணிய கூடுதலா பிடிச்சு வச்சுக்கும். எனக்கு இதுதான் பெரிய அதிசயமா படும், ஏன்னா எங்க மெஷினுக்கு இது சுத்தமா தெரியாது. மெஷின்ல ரத்தத்த வடிகட்டுற டயலைசர்ங்கிற குழாய்க்குள்ள முடி மாதிரி, நடுவுல துளை உள்ள நூல் ஆயிரக்கணக்குல ஓடுது, ரத்தம் அந்த நூலுக்குள்ள போகும், வெளிய நாங்க கலந்து விடுற தண்ணி போகும், எந்த உப்பு எவ்வளவு போகணும்ங்கிறத அந்தத் தண்ணிய வச்சு நாங்கதான் முடிவு பண்றோம். அதுவும் ஒரு தடவைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 3 தடவை, மொத்தம் 12 மணி நேரம். கிட்னி வாரம் 168 மணி நேரமும் வேலை பார்க்குது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். புதுசா மெஷினுக்கு வர்றவங்க ஒரு பிளாஸ்டிக் கவர்ல பழைய ரிப்போர்ட் கட்டு கொண்டு வருவாங்க. பிரிச்சுப் பார்த்தா வருஷக்கணக்குல சுகர் டெஸ்ட் இருக்கும், ஊர்ல உப்புன்னு சொல்ற கிரியேட்டினின் டெஸ்ட் இருக்கும், 1.0, 1.1, 1.2ன்னு நார்மலாத்தான் இருக்கும், ஆனா யூரின் அல்புமின் டெஸ்ட் பல பேர் கட்டுல ஒன்னு கூட இருக்காது. கிரியேட்டினின் நம்ம சதையிலருந்து வர்ற கழிவு, கிட்னி கிட்டத்தட்ட பாதி போற வரைக்கும் அது நார்மல் அளவத் தாண்டாமலே இருக்கலாம். அதே 1.1 ஒரு 25 வயசு பையனுக்கு வந்தா கிட்னி வடிகட்டுற வேகம் நிமிஷத்துக்கு சுமாரா 95 மில்லி, ஆனா 65 வயசு அம்மாவுக்கு வந்தா 55தான் வரும். ரிப்போர்ட்ல ரெண்டு பேருக்கும் நார்மல்னு போட்டிருந்தா அந்த அம்மா நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க.

சுகரும் பிரஷரும் மொதல்ல கை வைக்கிறது நான் மேல சொன்ன அந்த மூணு அடுக்குலதான். அது பழுதாகும்போது கிரியேட்டினின் ஏறதுக்கு ரொம்ப முன்னாடியே அல்புமின் கொஞ்சம் கொஞ்சமா யூரின்ல கசிய ஆரம்பிக்கும். யூரின்ல அல்புமின் கிரியேட்டினின் விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல போனா அது எச்சரிக்கை. கண்ணுக்கு எதுவும் தெரியாது, யூரின் நுரை நுரையா போற வரைக்கும் காத்திருந்தா லேட் ஆயிடும். இந்தக் கட்டத்துல பிடிச்சுட்டா, அந்தச் சுருளுக்குள்ள இருக்கிற பிரஷர குறைக்கிற மாத்திரை இருக்கு, டாக்டர் குடுத்து பல வருஷம் தள்ளிப் போட முடியும். செத்துப் போன நெஃப்ரான் திரும்ப முளைக்காது, எந்த ஜூஸாலயும் அத கொண்டு வர முடியாது.

முட்டி வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுற டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைங்களப் பத்தியும் எழுதுங்க. அது உள்ள வர்ற குழாய சுருக்கிடும், வடிகட்டுற பிரஷர் விழுந்துடும், அதுவும் வெயில்ல வேலை பார்த்து ஒடம்புல தண்ணி வத்திப் போய் இருக்கிறவங்க தினமும் போட்டா ரொம்ப ஆபத்து.

மார்ச் மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை உலக கிட்னி தினம் வருது. அன்னைக்கு ஜூஸ் குறிப்புக்கு பதிலா, சுகர் பிரஷர் இருக்கிறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை யூரின் அல்புமினும், கிரியேட்டினின்லருந்து கணக்கு போடுற இஜிஎஃப்ஆரும் (மேல சொன்ன வடிகட்டுற வேகம்தான் அது) கேட்டு வாங்கிப் பார்க்கணும்னு ஒரு பெரிய கட்டம் கட்டிப் போடுங்க சார். எழுதித் தரணும்னா நான் தர்றேன், டாக்டர்கிட்ட காட்டி சரிபார்த்தே அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க வாசகர், டயாலிசிஸ் டெக்னீஷியன்,
திண்டுக்கல்