4.10, நிரப்பியாயிற்று

நண்பர்களே, எங்கள் கற்றை நேரம், அதாவது முடுக்கியின் துகள் கற்றையை எங்கள் பரிசோதனைக்கு ஒதுக்கியிருந்த நேரம், நேற்றிரவு முடிந்தது. போன வாரம் கற்றை நின்றுபோய் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மறுபடி கிளறத் தெம்பில்லை. தரவு கைக்கு வந்துவிட்டது.

கற்றையை மீட்டுத் தந்த ஆபரேட்டர்கள், தங்கள் நேரத்தில் எட்டு மணி நேரத்தை விட்டுக்கொடுத்த குழு, ஷிப்டுக்கு ஆள் இல்லாதபோது வந்து உட்கார்ந்த மாணவர்கள், ஊரிலிருந்து தினமும் விசாரித்த நீங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வியாழன் விடியற்காலை, கற்றை நின்றிருந்த நேரம், மேசையிலேயே தூங்கிவிட்டேன். நான்கு மணிக்கு காமா கதிரைப் பிடிக்கும் ஜெர்மானியம் படிக உணர்கருவிகளுக்குக் குளிரூட்டும் திரவ நைட்ரஜன் நிரப்ப வேண்டியது நான். அது தீர்ந்து படிகம் சூடேறிவிட்டால் மறுபடி குளிர்வித்துத் தயாராக்க எங்களிடம் நாளே மிச்சமில்லை. பதறி எழுந்தபோது மணி ஐந்தரை. ஓடிப்போய்ப் பதிவேட்டைத் திறந்தால், '4.10, நிரப்பியாயிற்று' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கூடத்து டெக்னீஷியன். அது அவர் வேலையே இல்லை. என்னை எழுப்பவும் இல்லை.

காலையில் காபியோடு போய் நின்றேன். "அப்படி எதைத்தான் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆரமே உள்ள நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்து மடிந்த பெரிய விண்மீனின் அடர்ந்த மிச்சம், தன் துணை விண்மீனின் வாயுவை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. அடியில் அழுத்தம் ஏறி, ஒரு கணத்தில் பற்றிக்கொள்கிறது. வெப்பம் நூறு கோடி டிகிரியைத் தாண்டுகிறது. பத்து முதல் நூறு விநாடிக்குள் அடங்கி, சில மணி நேரத்தில் மறுபடி வெடிக்கிறது. உள்ளே அணுக்கருக்கள் புரோட்டான்களை ஒவ்வொன்றாக விழுங்கிக் கனத்துக்கொண்டே போகின்றன. ஜெர்மானியம்-64 வந்ததும் தயங்குகின்றன. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 64 விநாடி.

"வெடிப்பே அவ்வளவு நேரம்தானே!" என்றார். ஆமாம், அதுதான் சிக்கல். அந்தத் தயக்கம் எவ்வளவு என்பது, ஜெர்மானியம்-64 இன்னொரு புரோட்டானை விழுங்கினால் வரும் ஆர்சனிக்-65இன் நிறையைப் பொறுத்தது. சீனாவின் லான்ஜோவில் சேமிப்பு வளையம் என்ற வட்டப் பாதையில் அந்த அணுக்கருக்களைச் சுற்றவிட்டு நிறையை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். பயந்த அளவுக்குத் தடை இல்லை என்று தெரிந்தது. செயற்கைக்கோள் பதிவுசெய்யும் எக்ஸ் கதிர் வெளிச்சம் ஏன் மெல்ல மெல்ல மங்குகிறது என்று விளக்க இப்படிப்பட்ட எண்கள் வேண்டும். நாங்கள் இங்கே ஆராய்ந்த அணுக்கருவும் அந்த ஏணியில் ஒரு படி.

அவருக்குத் தமிழ் தெரியாது. நேரில் நன்றி சொன்னபோது எனக்கு வார்த்தை வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுரை வெளிவரும்போது நன்றிப் பகுதியில் அவர் பெயர் முதலில் இருக்கும். இனி எந்த ராத்திரி ஷிப்டிலும் பக்கத்துக் குழுவின் நைட்ரஜன் அளவையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.