வேனுக்குள் வீடு கட்டும் பட்டறைக்காரர்களுக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் வேனை வீடாக மாற்றித் தரும் பட்டறை நண்பர்களுக்கு வணக்கம்.

உங்கள் மரவேலையிலும் தகர வேலையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. முக்கால் அடி இடுக்கிலும் அலமாரி வைத்துவிடுகிறீர்கள். நான் கேட்க வந்தது சோலார் பற்றி. "எத்தனை வாட் பேனல் போடலாம் சார்?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறீர்கள். வண்டிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவாகும், வெயிலே இல்லாமல் எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் கணக்குதான்.

கணவன், மனைவி இருவர் தங்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் வெக்கையில் நாளுக்கு அரை யூனிட் இழுக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம் ஓடினால் 600 வாட் அவர் (ஆயிரம் வாட் அவர்தான் ஒரு யூனிட்). அப்புறம் விளக்கு, போன், லேப்டாப், தண்ணீர் மோட்டார், காலையில் சட்னிக்கு மிக்ஸி. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 1.7 யூனிட் வரும். சமையலுக்கு கேஸ் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அரை மணி நேரத்துக்கே கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

ஏப்ரல் வெயிலில் 500 வாட் பேனல் இதற்குப் போதும். ஐந்து மணி நேர முழு வெயில், அதில் சூடு, தூசி, ஒயர் என்று முப்பது சதவீதம் கழித்தாலும் 1,750 வாட் அவர் கிடைக்கும். அந்த ஏப்ரல் கணக்கை வைத்தே விற்றுவிடுகிறீர்கள், அதுதான் என் ஆதங்கம். நம் கரையில் அளவெடுக்க வேண்டிய மாதம் நவம்பர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நகராமல் நின்று கொட்டியதில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. அப்படிப்பட்ட நாளில் கூரை நிறைய பேனல் இருந்தும் ஃபிரிட்ஜுக்கே பத்தாது. சாதாரண அடைமழை வாரத்திலேயே வரவு பாதியாகிவிடும். அதை ஈடுகட்ட 1,000 வாட் வேண்டும். அதற்குக் கூரையில் ஐந்து சதுர மீட்டர் தேவை. ஏசி பெட்டியும் காற்றுப் போக்கியும் போக அவ்வளவு இடம் பல வண்டிகளில் இல்லை.

அதனால் பேனலை 600, 700 வாட்டோடு நிறுத்திவிட்டு, மிச்சக் காசை பேட்டரியிலும், வண்டி ஓடும்போது இன்ஜின் சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் டிசி-டிசி சார்ஜரிலும் போடச் சொல்லுங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்குள் 700 வாட் அவருக்கு மேல் ஏறிவிடும். இரண்டு நாள் தாங்க 3.4 யூனிட். எண்பது சதவீதம் வரை பயன்படுத்தும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்றால் 12.8 வோல்ட்டில் 330 ஆம்பியர் அவர். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஆம்பியர் அவர் ட்யூபுலர் (ஈய-அமில பேட்டரி) விலை குறைவுதான். ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதே வேலைக்கு நான்கு வேண்டும், எடை இருநூறு கிலோவைத் தாண்டும். போதாததற்கு, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும் பெட்டியை ஆள் தூங்கும் கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது.

ராத்திரி முழுக்க ஏசி கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஒரு டன் ஏசிக்கே நாலைந்து யூனிட் போகும். அவர் கரண்ட் கிடைக்கும் இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டியதுதான்.

சாய்க்கும் ஸ்டாண்டுக்குச் செலவு வைக்காதீர்கள். நம் ஊர் அட்சரேகை பன்னிரண்டு டிகிரிதான், படுக்கப்போட்ட பேனலே நன்றாக வேலை செய்யும். அடியில் காற்றுப் போக இரண்டு அங்குலம் விட்டால் சரி.

இன்னொன்று, உப்புக்காற்று. கடலூர் சில்வர் பீச் பக்கம் நிற்கும் வண்டிகளின் கூரையில் ஏறிப் பாருங்கள். சாதா போல்ட்டைச் சுற்றி செம்பழுப்பாக ஒழுகியிருக்கும், ஒயர் முனையில் மாட்டும் லக்கைக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். பச்சை பூத்த இணைப்பு சூடாகும். 12 வோல்ட்டில் 1,500 வாட் எடுத்தால் அந்த ஒயரில் ஓடுவது 125 ஆம்பியருக்கு மேல். உப்புக்காற்றைத் தாங்கும் 316 ஸ்டீல் போல்ட், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். இந்த மூன்றையும் வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் போடுங்கள்.

எஸ்டிமேட் தாளில் "ஒரு நாள் செலவு இத்தனை யூனிட், மழையில் தாங்குவது இத்தனை நாள்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வரும் ஐப்பசிக்கு முன் வெளியே போகும் வண்டிகளிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு வண்டிவாசி