திருவனந்தபுரம் – லண்டன் பயண நேரத்தைத் தவறாகக் காட்டுவது குறித்துப் புகார்

அனுப்புநர்: களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரப் பயணிகள்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள், விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்

ஐயா,

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாக லண்டன் போய்வர, ஜூலை மாதத்துக்கு உங்கள் செயலியில் எடுத்த டிக்கெட்டில் போவதற்கான மொத்தப் பயண நேரம் 9 மணி 45 நிமிடம், திரும்புவதற்கு 18 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. இரண்டுமே தவறு.

டிக்கெட்டில் அச்சாகும் மணி எல்லாம் அந்தந்த ஊர் மணி. புறப்பாடு நம் நேரப்படி காலை 4.30, லண்டனில் இறங்குவது அவர்கள் நேரப்படி பிற்பகல் 2.15. செயலி இரண்டையும் அப்படியே கழித்துவிட்டது. கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அதனால் போகும்போது நாலரை மணி குறைந்தது, வரும்போது அதே நாலரை கூடியது.

உண்மைக் கணக்கு இது: துபாய்க்கு 4.15 மணி நேரம், அங்கே காத்திருப்பு 2.30, லண்டனுக்கு 7.30. மொத்தம் 14 மணி 15 நிமிடம். திரும்பும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் லண்டன் – துபாய் 6.45-தான்; காத்திருப்பு 3.35, கடைசிப் பறப்பு 4 மணி. ஆக 14 மணி 20 நிமிடம்.

தூரத்தில் குறையில்லை. நேர்த்தூரம் சுமார் 8,400 கி.மீ.; துபாய் வழியாக 2,950-ம் 5,500-ம் சேர்ந்து 8,450. துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. ஆனால் 8,400 கி.மீ.க்குப் பக்கத்தில் 9.45 என்று போட்டால், எங்கும் இறங்காமல் போகும் விமானம் என்றே யாரும் நினைப்பார்கள். இன்சுலின் போடும் முதியவருக்கு ஊசியும் சாப்பாடும் எத்தனை வேளைக்குக் கைப்பையில் வைப்பது என்று வீட்டில் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். நாலரை மணி நேரப் பிசகு சின்ன விஷயமல்ல.

இன்னொன்று. '15 மணி நேரத்துக்குள்' என்று வடிகட்டினால் இந்தத் திரும்பும் விமானம் பட்டியலிலேயே வராது. இல்லாத தாமதத்துக்குப் பயந்து கூடுதல் விலையில் வேறு டிக்கெட் எடுக்க வேண்டியதாகிறது. அப்படி மாற்றியவர்களிடம் பிடித்த மாற்றுக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்.

திருத்துவது எளிது. இரண்டு மணியையும் யுடிசிக்கு (உலகம் முழுவதற்குமான பொது நேரத்துக்கு) மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும்: முந்தின இரவு 11.00 முதல் பகல் 1.15 வரை, 14.15. பறக்கும் நேரத்தையும் காத்திருப்பையும் தனித்தனியாகக் காட்டுங்கள். நாலரையை நிரந்தரமாகக் கூட்டிவைத்து முடித்துவிட வேண்டாம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரம் மாறி, வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். திருத்தியபின் ஜூலைக்கு ஒன்று, நவம்பருக்கு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
களியக்காவிளை, மார்த்தாண்டம் வட்டாரப் பயணிகள்