அப்பாவின் தோளில் ஒட்டிய பேட்ச்: உதவிய கைகளுக்கு நன்றி

தாராவி 90 அடி சாலையிலும் சயனிலும் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு,

பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோயோடு ஏழு வருஷமாக மல்லுக்கட்டும் எங்கள் அப்பாவுக்கு, மாத்திரை விழுங்கினால் புரையேறுகிறது. விடிகாலையில் உடம்பு கட்டை போல விறைத்துக்கிடப்பார். தோல் வழியே மருந்து இறங்கும் ‘ரோட்டிகோட்டின்’ பேட்ச்சை டாக்டர் எழுதித் தந்தபோது, ஒட்டிவிட்டால் 24 மணி நேரத்துக்குக் கவலையில்லை என்று நினைத்தோம். மும்பையின் மே மாத வியர்வையில் மதியத்துக்குள் ஓரம் கிளம்பி, பனியனோடு வந்துவிட்டது.

டாக்டர் ஐயா, வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் என்னை உட்காரவைத்து விளக்கினீர்கள். பார்க்கின்சனுக்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மருந்து நாளுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும், அவ்வளவும் தோல் வழியே இறங்காது; ரோட்டிகோட்டின் சில மில்லிகிராம் போதும் என்றீர்கள். அந்தப் பேட்ச்சும் லேசில் நிலைக்கவில்லையாம். உள்ளே மருந்து படிகமாக உறைந்ததால் 2008-ல் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், 2012-ல்தான் மறுபடி வந்தது என்று நீங்கள் சொன்னதும், இத்தனை பேர் பாடுபட்ட பொருளையா எரிச்சலோடு பிய்த்து எறிந்தோம் என்று இருந்தது.

நர்ஸ் அக்கா, அப்பா தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் குளிக்க மாட்டார் என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். ஒட்டுகிற இடத்தில் எண்ணெயும் பவுடரும் படாமல் துடைத்து, ஃபேன் அடியில் நன்றாகக் காயவைத்து, உள்ளங்கையை வைத்து 30 வினாடி அழுத்தினீர்கள். என் கையை உங்கள் கைமேல் வைத்து எண்ணச் சொன்னீர்கள். ஒட்டிய இடத்திலேயே 14 நாளைக்கு மறுபடி ஒட்டக் கூடாது என்றீர்கள். எதிர்வீட்டுத் தம்பி தினசரி காலண்டரில் 'வலது தோள்', 'இடது தொடை' என்று எழுதித் தந்தான். அப்பா இப்போது அதைப் பார்த்துத் தானே சட்டையை விலக்கிக் காட்டுகிறார்.

மருந்துக்கடை அண்ணாச்சி, அன்று ராத்திரி உங்களை எழுப்பியதை மறக்க மாட்டேன். தோள் வலிக்கிறது என்றதும் வெந்நீர்ப் பை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குத் தலைசுற்றி, கண் செருகியது. "முதல்ல பையை எடும்மா! சூட்டுல மருந்து கூடுதலா இறங்கும்" என்று போனிலேயே அதட்டினீர்கள். அப்புறம் டாக்டரைப் பிடித்துத் தந்ததும் நீங்கள்தான்.

ஸ்கேன் எடுக்கும் அறையில், "உடம்பில் பேட்ச் ஏதாவது இருக்கா?" என்று கேட்ட தம்பிக்கும் நன்றி. அதன் மேல்தாளில் அலுமினியம் உண்டு, எம்ஆர்ஐயில் தோலைச் சுட்டுவிடும் என்று எங்களுக்குத் தெரியாது.

அக்கா, நேற்று எடுத்த இடத்தில் சதுரமாகச் சிவந்திருக்கிறது, அரிப்பும் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வரும்போது அதைக் கொஞ்சம் பாருங்கள். அப்பா உங்களுக்காகக் காலண்டர் தாள்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அவர் மூத்த மகள்